நோய் கற்றுத்தராத பாடம்: தனுர்வாதமும் இருவகை எதிர்ப்பாற்றலும்

அம்மை ஒருமுறை வந்து பிழைத்தவருக்கு அது மறுமுறை வருவது அரிது என்பது, நோயெதிர்ப்பியல் என்றொரு துறை தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மக்கள் பட்டறிவால் கண்டுகொண்ட செய்தி. தன்னைத் தாக்கிய கிருமியை உடல் நினைவில் வைத்துக்கொள்கிறது என்னும் இன்றைய கோட்பாட்டுக்கும் அந்தப் பட்டறிவே வித்து. தனுர்வாதம் இந்த விதிக்கு அடங்காத நோய். பல வாரங்கள் அதனோடு போராடி மீண்ட ஒருவர், அடுத்த ஆண்டே இன்னொரு காயத்தின் வழியாக மீண்டும் அதற்கு ஆளாகக்கூடும். அதனாலேயே, நோயிலிருந்து தேறி வருபவருக்கும், அந்நோயையே கண்டிராதவருக்குப் போடுவது போலத் தடுப்பூசியின் எல்லாத் தவணைகளையும் போட வேண்டும் என்று மருத்துவ நெறிமுறைகள் வலியுறுத்துகின்றன. நோயால் தர முடியாத காப்பை ஊசி தருகிறது என்னும் இந்த முரணுக்கான விடை, அந்நோயை உண்டாக்கும் நச்சின் அளவில் அடங்கியிருக்கிறது.

நோய்க்குக் காரணமான கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி என்னும் பாக்டீரியா, உயிர்வளியைத் தாங்காத இனத்தைச் சேர்ந்தது. காற்றுப்படும் இடத்தில் அது வளர்வதில்லை. ஆனால் சாவதும் இல்லை. சூழல் ஒவ்வாதபோது தன் உயிர்ச்சரக்கைக் கெட்டியான உறைக்குள் ஒடுக்கி, ஸ்போர் எனப்படும் உறங்குநிலை வித்தாக மாறிவிடுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால், ஒரு முனையில் உருண்டை தாங்கிய முரசுக்கோல் போலத் தோன்றும். மண்ணிலும், குதிரை, மாடு முதலிய விலங்குகளின் குடலிலும் சாணத்திலும் இவ்வித்துகள் நிறைந்துள்ளன. கொதிநீரில் சற்று நேரம் போட்டெடுத்தால் அழியாத இவற்றை ஒழிக்க, அழுத்தத்தில் 121 பாகை செல்சியஸ் வரை சூடேற்றும் ஆட்டோகிளேவ் கலம் தேவைப்படுகிறது. துருப்பிடித்த ஆணி குத்தினால் தனுர்வாதம் வரும் என்ற பரவலான நம்பிக்கையில் துருவுக்கு நேரடிப் பங்கு எதுவும் இல்லை. துருவேறும் அளவுக்கு வெளியில் கிடந்த ஆணியில் மண் ஒட்டியிருக்கும் என்பதும், ஆணி குத்திய புண் வாய் குறுகி ஆழமாகி, உள்ளே காற்றுப்படாத குழியாக அமையும் என்பதுமே உண்மையான காரணங்கள். பளபளக்கும் புது ஊசியும் ரோஜா முள்ளும் அதே வேலையைச் செய்யக்கூடியவை.

நசிந்த தசைக்குள், உயிர்வளி குறைந்த இடத்தில், வித்து முளைத்துப் பெருகத் தொடங்குகிறது. பெருகும் கிருமி காயத்தை விட்டு வெளியே பரவுவதில்லை. பல வேளைகளில் காயம் ஆறியது போலவே தோற்றமளிக்கும். வெளியேறுவது, டெட்டனோஸ்பாஸ்மின் என்று பெயரிடப்பட்ட ஒரு புரத நச்சு மட்டுமே. அந்த நச்சு நரம்பு முனைகளில் ஒட்டி, நரம்பிழையின் வழியே பின்னோக்கி ஏறித் தண்டுவடத்தை அடைகிறது. அதனால்தான், காயம் மைய நரம்பு மண்டலத்துக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அவ்வளவுக்கு நோய் வெளிப்படும் காலமும் பொதுவாக நீள்கிறது. அது 3 முதல் 21 நாள் வரை அமையலாம். தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பணுக்களும் உண்டு, அந்த இயக்கத்தை வேண்டும்போது அடக்கும் நரம்பணுக்களும் உண்டு. அடக்கும் நரம்பணுக்கள் கிளைசின், காபா என்னும் வேதிப்பொருள்களைச் சுரப்பதற்குத் தேவையான சினாப்டோபிரெவின் என்ற புரதத்தை இந்நச்சு கத்தரித்துவிடுகிறது என்பது 1992-இல் தெளிவாயிற்று. கடிவாளம் அறுந்த குதிரைகளைப் போலத் தசைகள் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கின்றன: முதலில் தாடை பூட்டிக்கொள்கிறது, பிறகு முகம் சிரிப்பது போலக் கோணுகிறது, கழுத்தும் முதுகும் விறைத்து, உடல் குதிகாலிலும் பின்னந்தலையிலும் ஊன்றி வில்லாக வளைகிறது, ஒரு கதவடைக்கும் ஓசையோ திடீரென்று பட்ட வெளிச்சமோ அடுத்த இசிவைக் கிளப்பப் போதுமானது. இத்தனைக்கும் நினைவு தப்புவதில்லை என்பதுதான் இந்நோயின் கொடுமை.

மனிதரைக் கொல்வதற்கு உடல் எடையில் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 2.5 நானோகிராம் நச்சு போதும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. வளர்ந்த ஒருவருக்கு அது, தூள் உப்பின் ஒரே ஒரு துகளைச் சில நூறு கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூற்றைவிட அதிகமன்று. எதிர்ப்பாற்றலை உருவாக்கும் வெள்ளணுக்கள் ஓர் அந்நியப் பொருளைக் கண்டுகொண்டு, அதற்கு எதிராகப் பெருகுவதற்கு ஒரு குறைந்தபட்ச அளவு தேவை. தனுர்வாத நச்சு, அந்த அளவை எட்டுவதற்கு வெகு முன்பே ஆளைக் கொல்லும் அளவை எட்டிவிடுகிறது. அதுவும் பெரும்பகுதி நரம்புக்குள் மறைந்துகொள்வதால் வெள்ளணுக்களின் பார்வையில் படுவதே குறைவு. நோய் வந்தும் உடல் பாடம் கற்காமல் போவது இதனால்தான்.

நோயின் பெயர்களில் அதன் உருவம் பதிந்திருக்கிறது. தனுசு என்றால் வில். உடல் வில்லாக வளைவதால் வாத நோய்களுள் ஒன்றாகக் கருதப்பட்டுத் தனுர்வாதம் ஆயிற்று. புண்ணிலிருந்து வரும் ஜன்னி என்ற பொருளில் ரணஜன்னி என்றும், இழுத்து விறைப்பதால் இசிவு நோய் என்றும் தமிழில் வழங்கப்படுகிறது. ஈழத்தில் ஏற்புவலி, அதற்குப் போடுவது ஏற்பு ஊசி. இன்று தமிழ்நாட்டுப் புழக்கத்தில் நோயின் பெயரைவிட ‘டி.டி. ஊசி’ என்ற தடுப்பூசியின் பெயரே பெரிதும் நிலைத்திருப்பது, ஒரு நோய் கண்ணில் படாமல் மறைந்துகொண்டிருப்பதற்கான மொழியடையாளம் எனலாம்.

கிருமியைப் பற்றிய அறிவு ஆறே ஆண்டுகளில் திரண்டது. 1884-இல் இத்தாலியின் தூரினில் கார்லே, ரத்தோனே என்னும் இருவர், தனுர்வாதத்தால் இறந்தவரின் புண்ணிலிருந்து எடுத்த பொருளை முயல்களுக்குச் செலுத்தி நோயைக் கடத்திக் காட்டினர். அதே ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஆர்தர் நிக்கோலையர், வெறும் தோட்ட மண்ணைச் செலுத்தியே விலங்குகளுக்கு நோயை உண்டாக்கினார். கிருமியைத் தனித்துப் பிரித்தெடுப்பது மட்டும் எவருக்கும் கைகூடவில்லை. பெர்லினில் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜப்பானியரான ஷிபாசபுரோ கிடசாட்டோ, வித்துகளின் வெப்பம் தாங்கும் இயல்பையே கருவியாக்கினார்: கலப்புக் கிருமிகளை 80 பாகையில் சூடாக்கிப் பிறவற்றைக் கொன்றுவிட்டு, எஞ்சிய வித்துகளை ஹைட்ரஜன் வளியில் வளர்த்து, 1889-இல் தூய வளர்ப்பைப் பெற்றார்.

1890 டிசம்பர் 4 அன்று அதே ஆய்வகத்தைச் சேர்ந்த எமில் வான் பேரிங்கும் கிடசாட்டோவும் இணைந்து வெளியிட்ட கட்டுரை, அக்கிருமியைவிடப் பெரிய ஒன்றைத் திறந்துவிட்டது. நச்சைத் தாங்கப் பழக்கப்படுத்திய முயலின் இரத்தத்தை எலிகளுக்குச் செலுத்தினால், மற்ற எலிகள் மாண்ட அளவு கிருமிக்கு அவை மாளாமல் தப்பின. அணுக்கள் நீங்கிய தெளிந்த சீரத்துக்கும் அந்த ஆற்றல் இருந்தது. அந்தச் சீரத்தோடு முன்கூட்டியே கலக்கப்பட்ட நச்சு வீரியமிழந்தது. எதிர்ப்பாற்றல் என்பது உடலின் மொத்தத் திடம் என்றே அதுவரை எண்ணியிருந்த மருத்துவ உலகுக்கு, அது இரத்தத்தில் கரைந்திருக்கும் ஒரு பொருள், ஓருடலிலிருந்து எடுத்து இன்னோருடலுக்குக் கொடுக்கத்தக்க பொருள் என்று முதன்முதலாகக் காட்டப்பட்டது. நச்சுமுறி என்று அவர்கள் குறித்த அப்பொருளே இன்று எதிர்ப்பொருள் அல்லது ஆன்டிபாடி எனப்படுவது. 1901-இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு, தொண்டை அடைப்பான் நோய்க்கான சீர மருத்துவத்தைக் குறிப்பிட்டுப் பேரிங்குக்கு மட்டும் வழங்கப்பட்டது; தனுர்வாத ஆய்வின் மறுபாதியான கிடசாட்டோவுக்கு அதில் பங்கில்லாமல் போனது, நோபல் வரலாற்றில் எளிதில் விளக்க முடியாத விடுபடல்களுள் ஒன்று.

ஈட்டிய காப்புக்கும் பெற்ற காப்புக்கும் இடையிலான வேற்றுமையைத் தெளிவாக வரையறுத்தவர் ஜெர்மானிய மருத்துவ அறிவியலாளர் பால் எர்லிக். அவர் தம் எலிகளுக்கு முதலில் செலுத்தியவை நுண்ணுயிர் நச்சுகள் அல்ல, தாவர நச்சுகள். ஆமணக்கு விதையின் ரிசினும், பொற்கொல்லர் தராசில் எடைக்கல்லாகத் தமிழர் பயன்படுத்திய குன்றிமணியின் ஏப்ரினும் அவை. சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்தபோது எலிகள் அந்நச்சுகளைத் தாங்கின. 1892-இல் அவர், காப்புப் பெற்ற தாய் எலியின் குட்டிகளைக் காப்பற்ற தாயிடமும், காப்பற்ற தாயின் குட்டிகளைக் காப்புப் பெற்ற தாயிடமும் பால் குடிக்க விட்டுப் பார்த்தார். தாயின் காப்பு கருப்பையிலும் பாலின் வழியும் குட்டியை அடைகிறது, ஆனால் சில வாரங்களில் மறைந்துவிடுகிறது. தந்தையின் காப்பு குட்டியை அடைவதே இல்லை. ஆகவே இது மரபுவழிப் பண்பு அன்று, கைமாறிய பொருள் என்று அவர் முடிவுசெய்தார். உடல் தானே முயன்று உருவாக்குவது செயல்மிகு எதிர்ப்பாற்றல் என்றும், பிற உடல் உருவாக்கியதை ஏற்றுக்கொள்வது மந்த எதிர்ப்பாற்றல் என்றும் இவை பெயர் பெற்றன. ‘மந்தம்’ என்ற சொல், ஏற்கும் உடல் அதில் எதுவும் செய்வதில்லை என்பதைக் குறிக்கிறதே தவிர வேகத்தைக் குறிப்பதன்று. உண்மையில் இரண்டில் விரைவாகப் பயன் தருவது மந்த வகைதான்.

அந்த விரைவை முதலாம் உலகப் போர் பயன்படுத்திக்கொண்டது. பிரான்சின் எருவிட்ட வயல்களில் வெட்டிய பதுங்குகுழிகளில் போரிட்ட பிரிட்டிஷ் வீரர்களில், 1914 செப்டம்பரில் காயம்பட்ட ஆயிரம் பேருக்கு எட்டுப் பேர் அளவில் தனுர்வாதம் கண்டது. காயம்பட்ட ஒவ்வொருவருக்கும் குதிரைச் சீரம் போடுவது வழக்கமான பின், அவ்வாண்டு முடிவதற்குள் அது ஆயிரத்துக்கு இரண்டுக்கும் கீழே இறங்கியது. ஆனால் கடனாக வந்த இக்காப்புக்கு வட்டியும் இருந்தது. குதிரையின் புரதம் மனித உடலுக்கு அந்நியமானது. ஊசி போட்டு ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சலும் தடிப்பும் மூட்டுவலியும் தோன்றும் சீரநோயை 1905-இலேயே பிர்க்கே, ஷிக் என்னும் மருத்துவர்கள் விரிவாக விளக்கியிருந்தனர். சிலருக்கு உயிரையே பறிக்கும் ஒவ்வாமை அதிர்ச்சி நேர்ந்தது. ஒருமுறை குதிரைச் சீரம் பெற்றவரின் உடல் அடுத்த முறை அதை விரைந்து அழித்துவிடுவதால், கடன் இரண்டாம் முறை குறைந்தே கிடைத்தது. 1960-களில் தடுப்பூசி பெற்ற மனிதர்களின் இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலின் வந்த பிறகே இச்சிக்கல் பெருமளவு தீர்ந்தது. குதிரைச் சீரம் 1,500 அலகு தேவைப்பட்ட இடத்தில், மூன்று வாரத்துக்குப் பிறகும் பாதி எஞ்சும் மனிதப் புரதம் 250 அலகே போதுமானதாயிற்று.

தடுக்க வந்த ஊசியே நோயைக் கொண்டுவந்த இரு நிகழ்ச்சிகள் இவ்வரலாற்றில் தனியே நின்று பார்க்கத்தக்கவை. 1901-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில், தொண்டை அடைப்பானுக்கான நச்சுமுறியைத் தந்துவந்த ஜிம் என்ற குதிரைக்குத் தனுர்வாதம் கண்டது. நோய் வெளிப்படுவதற்குச் சற்று முன் எடுத்த அதன் சீரம் புழக்கத்துக்குப் போய்விட்டதால் 13 குழந்தைகள் இறந்தன. ஒரு நச்சுக்கு முறிவைச் சுமந்த அதே இரத்தம் இன்னொரு நச்சைச் சுமந்திருந்தது. உயிரிய மருந்துகளின் தயாரிப்பைக் கண்காணிக்கும் அமெரிக்கச் சட்டம் அடுத்த ஆண்டே, 1902-இல், நிறைவேறியது. அதே 1902 அக்டோபர் 30 அன்று, பிரிட்டிஷ் இந்தியாவின் பஞ்சாபைச் சேர்ந்த மல்கோவால் என்ற ஊரில் 107 பேருக்குப் பிளேக் தடுப்பூசி போடப்பட்டது. ஒரே ஒரு புட்டியிலிருந்து ஊசி பெற்ற 19 பேர் தனுர்வாதத்தால் இறந்தனர். அத்தடுப்பூசியை உருவாக்கிய வால்டெமர் ஹாஃப்கினின் பம்பாய் ஆய்வகத்தின்மீது பழி விழுந்தது. அவர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். புட்டியைத் திறந்தபோது இடுக்கி தரையில் விழுந்ததும், அது முறையாகக் கிருமிநீக்கம் செய்யப்படாமல் மீண்டும் பயன்பட்டதும் பின்னர் வெளிப்பட்டன. மலேரியா ஆய்வாளர் ரொனால்டு ராஸ் போன்றோர் வெளிப்படையாக வாதாடிய பிறகு 1907-இல் ஹாஃப்கின் மீதான பழி நீங்கியது. ஒரு கிராமத்துத் தரையின் மண்துகளுக்கு ஓர் அறிவியலாளரின் ஐந்தாண்டுகள் விலையாயின.

சீரத்தின் எல்லையைக் கடக்கும் வழி, நச்சை நச்சாக இல்லாமல் உடலுக்குக் காட்டுவதுதான். பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் காஸ்தோன் ரமோன், 1920-களில், முதலில் தொண்டை அடைப்பான் நச்சையும் பிறகு தனுர்வாத நச்சையும் ஃபார்மலின் கலந்து மிதமான சூட்டில் சில வாரங்கள் வைத்தபோது, அவை கொல்லும் திறனை இழந்தும் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் வடிவத்தை இழக்காமல் இருப்பதைக் கண்டார். டாக்சாய்டு எனப்படும் இந்த முடமான நச்சை, உயிருக்கு ஆபத்தின்றி, நோயில் சுரக்கும் நச்சைவிடப் பல மடங்கு அதிக அளவில் செலுத்த முடிகிறது. நோய் கற்றுத்தராத பாடத்தை ஊசி கற்றுத்தருவதன் இரகசியம் இவ்வளவே. அலுமினிய உப்பில் ஒட்டிச் செலுத்தப்படும் டாக்சாய்டு ஊசி போட்ட இடத்திலேயே சிறிது காலம் தங்கி, அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களில் அதை அடையாளம் காணும் பி வகை வெள்ளணுக்களைப் பெருகத் தூண்டுகிறது. முதல் தவணையில் விளையும் எதிர்ப்பொருள் காலந்தாழ்ந்தும் குறைவாகவும் வரும். அதை நம்பியிருக்க முடியாது. நான்கு வாரம் கழித்து இரண்டாவதும், ஆறு மாதம் அளவில் மூன்றாவதும் சேரும்போது, நினைவு அணுக்கள் என்னும் நீண்டநாள் வாழும் அணுக்கள் நிலைபெற்று, அடுத்த முறை சில நாளிலேயே எதிர்ப்பொருளைப் பொழியும் ஆயத்தம் உடலுக்கு வந்துவிடுகிறது. இரண்டாம் உலகப் போரில் வீரர்கள் அனைவருக்கும் முன்கூட்டியே டாக்சாய்டு போட்ட அமெரிக்கத் தரைப்படையில், காயங்களுக்காக மருத்துவமனையில் சேர்ந்த 27 இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் தனுர்வாதம் கண்டது 12 பேருக்கே.

இரு வகைக் காப்பும் ஒன்றாக இணையும் இடம் கருப்பை. அறுத்த தொப்புள்கொடியின் நுனி, அசுத்தமான கத்தியோ, புண் ஆறப் பூசும் சாம்பலோ சாணியோ படும்போது, கிருமிக்கு வாய்த்த வாசலாகிவிடுகிறது. பிறந்து இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, அதன்பின் வாய் திறக்க முடியாமல் விறைத்து இறக்கும். ஸ்காட்லாந்தை அடுத்த செயின்ட் கில்டா தீவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை, பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானவற்றை இவ்வாறு கொண்டுபோன இந்நோயை மக்கள் ‘எட்டாம் நாள் நோய்’ என்றே அழைத்தனர். பச்சிளங்குழந்தைக்குத் தானே எதிர்ப்பொருள் உருவாக்க நேரமில்லை. பிறக்கும்போதே கையில் இருக்க வேண்டும். தாய்க்குக் கருவுற்ற காலத்தில் போடும் டாக்சாய்டு, அவளிடம் செயல்மிகு எதிர்ப்பாற்றலாக விளைந்து, அவளுடைய ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருளாக நஞ்சுக்கொடியைக் கடந்து, குழந்தையிடம் மந்த எதிர்ப்பாற்றலாகச் சேர்கிறது. ஒரே மருந்து இருவருக்கு இரு வேறு வகையில் பயன்படுகிறது. இக்கடத்தல் பேறுகாலத்தின் இறுதி வாரங்களில்தான் உச்சம் அடைவதால், கடைசித் தவணைக்கும் பேற்றுக்கும் இடையில் இரண்டு வாரமாவது இருக்க வேண்டும் என்பது விதி. இது வெறும் எதிர்பார்ப்பன்று என்பதை 1961-இல் வெளியான நியூ கினி ஆய்வு நிறுவியது: தாய்மார் பெற்ற தவணைகள் கூடக் கூடக் குழந்தைகளின் சாவு குறைந்தது. 1988-இல் உலகெங்கும் 7,87,000 பச்சிளங்குழந்தைகள் தனுர்வாதத்தால் இறந்ததாக மதிப்பிட்ட உலக சுகாதார நிறுவனம், 2018-க்கு 25,000 என மதிப்பிட்டது. இந்தியா 2015-இல் இந்நோயைத் தாய் சேய் அளவில் அகற்றியதாக அறிவிக்கப்பட்டது. அகற்றல் என்றால் எந்த மாவட்டத்திலும் ஆயிரம் உயிர்ப்பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவு என்று பொருளே தவிர, ஒழிப்பு அன்று.

ஒழிக்கவும் முடியாது. பெரியம்மை மனிதரிடம் மட்டுமே வாழ்ந்ததால் மனிதரிடம் தடுத்தவுடன் மறைந்தது. தனுர்வாதத்தின் இருப்பிடமோ மண். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு இது தொற்றுவதில்லை ஆகையால், ஊரில் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டுக்கொண்டால் எஞ்சியவரும் காக்கப்படும் கூட்டுக் காப்பு இதில் இல்லை. பக்கத்து வீட்டாரின் ஊசி பக்கத்து வீட்டாருக்கே உரியது. இந்தியாவில் குழந்தைப் பருவத்து ஐந்து நோய்க் கூட்டுத் தடுப்பூசியும், பள்ளி வயதில் 10-லும் 16-லும் போடும் தூண்டல் ஊசிகளும் தரும் காப்பு, பத்தாண்டுக்கு ஒரு தூண்டல் இல்லாவிடில் மெல்லத் தேய்கிறது. பேறுகாலத் தவணைகளால் பெண்கள் மீண்டும் மீண்டும் காக்கப்பட, ஆண்களுக்கு அப்படியொரு வாய்ப்பு அமைவதில்லை. எச்.ஐ.வி. தடுப்புக்காகக் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளில் ஆண்களுக்குச் செய்த சுன்னத்து அறுவையை அடுத்துத் தனுர்வாதம் சிலருக்குக் கண்டபோதுதான் இந்த இடைவெளி பலர் கவனத்துக்கு வந்தது.

மறுபுறம், சிறு கீறல் விழுந்தாலும் ஒரு டி.டி. போட்டுக்கொள்வதும், அந்த ஊசி ஆறு மாதத்துக்குத்தான் செல்லும் என்று நம்புவதும் தமிழ்நாட்டில் ஊறிப்போன பழக்கங்கள். முழுத் தவணை பெற்றவருக்குத் தூய்மையான சிறு காயமானால் பத்தாண்டும், மண்ணும் சாணமும் புகுந்த காயமானால் ஐந்தாண்டும் கடந்திருந்தால்தான் புதுத் தவணை தேவை. அளவு மிஞ்சினால் எஞ்சியிருக்கும் எதிர்ப்பொருளே ஊசி போட்ட கையில் கடும் வீக்கத்தை உண்டாக்கும். ஊசி போட்டுக்கொண்டாரா இல்லையா என்பதே தெரியாத ஒருவர் வயலில் ஆழமாக வெட்டுப்பட்டு வரும்போது நிலைமை வேறு. அன்று போடும் டாக்சாய்டு பயன் தருவதற்குள் நச்சு நரம்பில் ஏறிவிடும். நரம்புக்குள் புகுந்த நச்சை எந்த எதிர்ப்பொருளும் எட்டாது. எனவே காயத்தைக் கழுவி, நசிந்த சதையை வெட்டி நீக்கிய பின், ஒரு கையில் இம்யூனோகுளோபுலினும், அதனோடு கலந்துவிடாமல் வேறு சிரிஞ்சில் மறு கையில் டாக்சாய்டும் போடப்படுகின்றன. முதல் கையில் ஏறியது மூன்று வாரத்தில் பாதியாகிப் பின் கரைந்துபோகும்; மறு கையில் ஏறியது, நான்கு வாரம் கழித்து வர வேண்டிய இரண்டாம் தவணைக்காகக் காத்திருக்கும்.